இனம்: மலாய்

சுவடிக்கூடத்திலிருந்து வந்த உறையை
மதியச் சோற்றுக்குப் பிறகுதான் பிரித்தேன்.
கந்தோரில் அந்த நேரம் மின்விசிறியும் தூங்கும்.
ஏழு தாள். நிழற்பிரதி. ஒன்று தலைகீழாக.

பதினொரு மாதமாய் நான் தேடியது
கோணாமலை என்கிற ஒருவரை.
தெய்வேந்திரம் மாமாவுக்குத் தாய்மாமன்.
வந்திருப்பது வேறொருவர்:

கோணா. இனம்: மலாய்.

எந்தத் துரையின் எந்தக் கிளாக்கரோ
பெயரைக் கேட்டு, பாதியில் வெட்டி,
மிச்சத்தை அடுத்த கட்டத்தில் போட்டிருக்கிறான்.
எனக்குக் கோபம் வரவில்லை.
நானும் அத்தாட்சிப் பகுதியில் இருக்கிறவள்தான்.
கிழமைக்கு நாற்பது பெயர் என் மேசையில் திருந்தும்
சத்தியக் கடதாசியோடு, முத்திரையோடு.
பொன்னுத்துரையைப் பெண்ணுத்துரை ஆக்கிய கை
எங்கள் கந்தோருடையது.

மறுகா வாசித்தேன்.

ஸ்டோக்கர், இரண்டாம் வகுப்பு. வயது இருபத்திரண்டு.
உயரம் ஐந்தடி மூன்று. இடது புருவத்தில் தழும்பு.
(தழும்பு சரி. மாமாவின் கதையில் அது
வண்டி அச்சாணி கிழித்தது.)
மரணம்: நாற்பத்துமூன்று, ஆவணி பதினொன்று,
திருகோணமலைக் கடற்படை ஆசுபத்திரி,
நெருப்புக்காய்ச்சல்.

கரி தள்ளி நெருப்பை வளர்த்தவருக்கு
என்று ஒரு வரி தோன்றி, வேண்டாமென்று விட்டேன்.
கட்டிலில் இறந்திருக்கிறார். அவ்வளவுதான்.
கடல் அவரைத் தொடவேயில்லை.

சம்பளப் பாக்கி முப்பத்தொரு ரூபாய் நாற்பது சதம்
கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் வீடு வீடாய் விசாரித்து
உரித்தாளர் இல்லையென்று திரும்பியிருக்கிறது.
ஒரு சவரக்கத்தி. இரண்டு சாரம்.
ஒன்றும் எழுதாத ஒரு தபாலட்டை.

எங்கள் குடியில் கடலுக்குக் கால்நீட்டிப் படுப்பதில்லை.
வாவியில் வலை வீசலாம், முகத்துவாரம் தாண்டக்கூடாது.
அது நம்மட ஒருத்தனைத் திண்டது என்பார் மாமா,
தன் தாய் சொன்னதை, தாயின் குரலிலேயே.
தொண்ணூற்றெட்டில் எனக்குச் சீதனக் காணி பார்த்தார்கள்.
நாவலடியில் பதினைந்து பேர்ச். மலிவு. நல்ல தண்ணி.
முற்பணத்தோடு போன அப்பாவைக்
கல்லடிப் பாலத்தில் சைக்கிளைக் குறுக்கே போட்டு மறித்தார்.
ஒரு வருஷம் அப்பா அவரோடு பேசவில்லை.
கறுவப்பங்கேணியில் வீடு எழும்பியது. கிணறு உவர்.

ஆறு வருஷத்தால் ஒரு மார்கழி ஞாயிறு.

அந்தக் காணியை வாங்கினவர்களின் பெயர்கள்
என் மேசைக்குத்தான் வந்தன. ஐந்து.
பிழை வரக்கூடாதென்று
ஒவ்வொன்றையும் மூன்றுதரம் எழுத்துக்கூட்டினேன்.

நேற்று திருகோணமலைக்குப் பேசினேன்.
மையவாடியைப் பார்க்கிற சஹாப்தீன் நானா
பாசி சுரண்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார்.
கோணாண்டுதான் இருக்கு தங்கச்சி.
பெருநாளைக்கு எல்லாக் கபுறுக்கும் சேர்த்துத்தான் ஓதுறம்.
பெயர மாத்தணுமா?
எந்தப் படிவம், என்ன காரணம் எழுதுவது,
முத்திரைக் காசு எவ்வளவு, எல்லாம் எனக்குத் தெரியும்.
யோசிச்சுச் சொல்றன் என்றேன்.

ஆடி அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்.
ஊர் முழுக்க மாமாங்கக் குளத்துக்குப் போகும்.
மாமா மட்டும் கடலுக்குப் போவார்.
கரண்டைக்கு மேல் நனையாமல் எள்ளும் தண்ணியும் இறைத்து
முதுகு காட்டாமல்
பின்னுக்குப் பின்னுக்காய் நடந்து கரையேறுவார்.
எண்பது வயதில் போன வருஷம் விழுந்தும் விட்டார்.

இன்று பின்னேரம் வந்து, செருப்பைக் கழற்றாமலே,
கப்பல்ட பேராவது கிடைச்சுதா புள்ள?

கிடைத்தது. ஏதோ ஒரு பறவையின் பெயர் என்றேன்.
தாள்கள் கைப்பைக்குள் இருந்தன.

மாமா முற்றத்து மணலைப் பார்த்தபடி நின்றார்.
மறுகா கேட்டார்,
நீந்துற பறவையோ?